பாலத்தக்கா வீட்டுக்காரர்

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்றும் எனக்குத் தண்டம் விழுந்தது. குழுவில் "எப்பங்க வரும்?" என்று கேட்டுவிட்டேன். கை சும்மா இருக்கவில்லை.

விவரம் இதுதான். கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுகிற ஒரு விளையாட்டு ஆடுகிறேன். ஊரடங்குச் சமயத்தில் மகள் போட்டுக் கொடுத்தது. அவள் வேலைக்குச் சென்னை போய்விட்டாள். விளையாட்டு என்னிடம் தங்கிவிட்டது. ஸ்டீயரிங், பெடல் எல்லாம் வாங்கி மேஜையில் மாட்டியிருக்கிறேன். ஆனால் அதில் இருப்பதெல்லாம் வெள்ளைக்காரன் ரோடு. குழி இல்லை, மாடு இல்லை, டீக்கடை இல்லை. அதற்குள் நம் பக்கத்து ரோட்டை, ஈரோட்டிலிருந்து காங்கேயம், தாராபுரம் வழியாகப் பழனி வரைக்கும், அச்சு அசலாகச் செய்து சேர்ப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு பேர் ஐந்து வருடமாகப் பாடுபடுகிறார்கள். மோட் என்று பெயர். சம்பளமில்லாத வேலை. பொங்கலுக்கு வரும் என்றார்கள், ஆடிக்கு என்றார்கள், பிறகு தேதி சொல்வதையே விட்டுவிட்டார்கள். என்னைப் போலக் காத்திருக்கிறவர்கள் மூவாயிரம் பேர் டெலிகிராம் குழுவில் கிடக்கிறோம்.

குழுவில் ஒரு சட்டம் உண்டு. "எப்ப வரும்" என்று எவன் கேட்டாலும் தண்டம். பணம் இல்லை. அவரவர் ஊர்ப்பக்கம் ஒரு பாலத்தை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் ரோடு செய்கிறார்கள். காத்திருக்கிறவனின் அவசரத்தையே வேலையாக மாற்றிய அந்த மூளையை, வியாபாரி என்கிற முறையில் மெச்சுகிறேன்.

பல்லடம் விஜி என்கிற பையன் உடனே சங்கு படம் போட்டான். "சென்னியப்பண்ணன் மாட்டுனாருங்கோ!"

பிப்ரவரி 12, வியாழன்

களத்தில் கொப்பரை காய்கிறது. விட்டுவிட்டுப் பாலம் பார்க்கப் போக முடியாது. என் மனைவி பூங்கோதை ஒரு விசேஷத்துக்கு ஊதியூர் போகிறாள். வழியில் இருக்கிற பாலத்தைப் பிடித்து வரச் சொன்னேன்.

"ஏனுங்க, பாலத்தையெல்லாம் எதுக்குங்க போட்டோ புடிக்கணும்? அது என்ன கண்ணாலப் பொண்ணா?"

"கேள்வி கேக்காத அம்மிணி. நாலு பக்கமும் புடிச்சுட்டு வா."

"பாலத்துக்கு ஏதுங்க நாலு பக்கம்? மேல, கீழ சேத்தா ஆறாவுது."

ஸ்கூட்டரைத் திருப்ப வாசலில் அரை வட்டம் அடித்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 13, வெள்ளி

எழுபது படம் எடுத்திருக்கிறாள். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாலத்துக்கு அடியில் இறங்கியிருக்கிறாள். கைப்பிடிச் சுவரில் பெயிண்ட் உரிந்த இடம், கல்யாண மண்டபத்து விளம்பரம், விரிசலில் முளைத்த அரசங்கன்று, எல்லாம் தனித்தனியாக. ஒவ்வொரு படத்திலும் ஓரமாக அவள் செருப்பு ஒன்று கிடந்தது.

"அளவு தெரியோணுமில்லீங்க? அதான் வெச்சேன்."

குழுவில் போட்டேன். ஆயிரம் கைதட்டல். மோட் வேலைக்குத் தலைவன் இன்பசேகர். ராசிபுரத்தில் மோட்டார் காயில் கட்டுகிறவன், குழுவில் வாயே திறக்க மாட்டான். அவன் கேட்டான்: "இத எடுத்தது யாருங்கண்ணா?"

நான்தான் என்று தட்டினேன். பிறகு அழித்துவிட்டு, "எங்க வீட்டில்" என்று போட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

பூங்கோதையைக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, பெயர் வைத்தாகிவிட்டது: பாலத்தக்கா. நான் மூன்று வருடமாக இருக்கிறேன். எனக்குப் பெயர் இல்லை. "தண்டம் அண்ணன்" என்று விஜி ஒரு முறை சொன்னான், அதைப் பெயர் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மார்ச் 9, திங்கள்

வெள்ளகோவில் எண்ணெய் ஆலைக்கு லோடு அனுப்பினேன். வந்த லாரி டிரைவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நீங்க பாலத்தக்கா வூட்டுக்காரருங்களா?" என்றான்.

மூட்டை தூக்கி, தரகு பார்த்து, சொந்தக் களம் போட்டு, காங்கேயத்தில் சென்னி டிரேடர்ஸ் என்றால் தெரியாதவன் இல்லை என்கிற அளவுக்கு வந்தவன் நான்.

ஆமாம் என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

இன்பசேகருக்குப் போன் போட்டேன். நேராகவே பேசினேன். "தம்பி, உங்களுக்கு நல்ல கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கித் தரேன். காங்கேயம் ரவுண்டானா பக்கத்துல என்ற கடை போர்டு வெச்சுருங்க. சீக்கிரம் முடிச்சும் குடுங்க."

"வேண்டாமுங்கண்ணா. காசு வாங்குனா வேலையாயிரும். இப்ப ஆசையா இருக்குது, அப்படியே இருக்கட்டும். போர்டு வெக்கறது ரோட்டுக்கு வேலை செஞ்சவங்க இஷ்டமுங்க. அதையும் விக்கறதில்ல."

இப்படிப் பேசுகிறவனிடம் எந்தப் பக்கத்திலிருந்து பேரம் ஆரம்பிப்பது? கடைசியில் அவன் கேட்டது: "அக்கா நல்லா இருக்காங்களா?"

ஏப்ரல் 3, வெள்ளி

மழை. தார்ப்பாய் இழுப்பதற்குள் பாதிக் களம் நனைந்துவிட்டது. நனைந்த கொப்பரை கறுத்துப் போகும், விலை போகாது. வீட்டுக்கு வந்து சொன்னேன். பூங்கோதை போனில் இருந்தாள். ஒரு நிமிடம் என்று கை காட்டினாள். எனக்குக் கை காட்டினாள்.

ஏப்ரல் 16, வியாழன்

அவளை உள் குழுவில் எடுத்திருக்கிறார்கள். அது வேலை செய்கிறவர்களின் குழு. நமக்கெல்லாம் அங்கே இடமில்லை. ரோட்டை அவர்கள் போட்டுவிட்டார்களாம். இரண்டு பக்கமும் மரம், கடை, சுவரெழுத்து எல்லாம் எங்கெங்கே நிற்க வேண்டும் என்று அடுக்குவது இவள் பொறுப்பாம். விஜி வீடியோ காலில் சொல்லிக் கொடுக்கிறான். "அக்கா, அந்த வேப்பமரம் அந்தரத்துல தொங்குதுங்கக்கா." வீடே இடிகிற மாதிரிச் சிரிப்பு.

நான் சொல்கிற தமாஷுக்கு இப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.

மே 5, செவ்வாய்

மதியம் சாப்பிட வந்தபோது என் நாற்காலி உயரம் மாறியிருந்தது. ஸ்டீயரிங்கில் பவுடர் வாசம்.

மே 6, புதன்

இன்றும்.

மே 8, வெள்ளி

கேட்டே விட்டேன். "மத்தியானம் என்ற மேசைல என்ன பண்ற?"

"சோதிக்கறதுக்குக் குடுத்திருக்காங்க. ஓட்டிப் பாத்துட்டுக் கொற இருந்தாச் சொல்லோணும்."

முடிந்த ரோடு! மூவாயிரம் பேர் வாய் பார்த்துக்கொண்டிருக்கிற ரோடு என் வீட்டுக்குள், என் மேஜையில், என் ஸ்டீயரிங்கில் ஓடுகிறது.

"நானும் ஒரு ரவுண்டு..."

"கூடாதுங்க. வூட்ல இருக்கறவங்களுக்குக்கூடக் காட்டக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க."

காரணம் எனக்கும் தெரியும். முன்னொரு தடவை எவனோ பாதி வேலையை யூடியூபில் போட்டுவிட்டான். பார்த்தவர்கள் காறித் துப்பினார்கள். செய்துகொண்டிருந்த இரண்டு பேர் மனசு விட்டுப் போனார்கள். ஒரு வருடம் வீண். சட்டம் நியாயமான சட்டம்தான். அது என் வீட்டுக்குள் வந்து நிற்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

மே 19, செவ்வாய்

ராசிபுரம் போனேன். மோட்டாருக்குக் காயில் கட்டுவதற்காக. காங்கேயத்தில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ராசிபுரத்தில் நன்றாகக் கட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

இன்பசேகர் கடை ஒரு ஷட்டர் அகலம். மெலிந்த ஆள், முப்பது வயது இருக்கும். மனைவி அருகில் உட்கார்ந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள். அவள்தான் முதலில் எழுந்தாள். "பாலத்தக்கா வூட்டு அண்ணனுங்களா? அக்காதான் எங்களுக்கு மாசத்துக்கு ஒருக்காத் தேங்காய் அனுப்பி வெக்கறாங்க."

அது எனக்குத் தெரியாது.

டீ வாங்கிக் கொடுத்தார்கள். இன்பசேகர் சொன்னான்: "ஊதியூர் ரோடு எங்களுக்குப் பிடிபடவே இல்லீங்கண்ணா. பாத்தா ரோடு மாதிரி இருக்கும், ஊர் மாதிரி இருக்காது. அக்கா வந்துதான் ஊராச்சு."

நல்ல பையன். அதுதான் கஷ்டம். மோசமான ஆளாக இருந்திருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக வந்திருப்பேன்.

மோட்டாருக்குக் காயில் நன்றாகத்தான் கட்டியிருக்கிறான்.

ஜூன் 8, திங்கள்

அறிவிப்பு வந்துவிட்டது. வருகிற ஞாயிறு வெளியீடு! குழுவில் வெடி வெடிக்கிறார்கள். விஜி மொட்டை போடப் பழனிக்குப் போவதாக எழுதியிருக்கிறான். எல்லாரும் வரிசையாக லாரி ஓட்டிக்கொண்டு முதலில் ஊதியூர் ரோட்டுக்குத்தான் போவது என்று முடிவாம். பாலத்தக்கா ரோடு என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

ஜூன் 10, புதன்

பூங்கோதை தாராபுரத்தில் தங்கை வீட்டுக்குக் காதுகுத்துக்குப் போயிருக்கிறாள். எனக்குக் களத்தில் ஆள் வரவில்லை என்று சொல்லி நான் போகவில்லை. ஆள் வந்திருந்தது.

கம்ப்யூட்டரில் பூட்டு எதுவும் இல்லை. அவள் போல்டருக்கு வைத்திருந்த பெயரே "பாக்காதீங்க".

பார்த்தேன்.

காங்கேயம் ரவுண்டானாவில் வண்டியை எடுத்தேன். எழுதத் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்ட் ஓரத்தில் பழைய டயரில் நட்ட செடி. வளைவில் அந்த எருக்கஞ்செடிப் புதர். அந்தப் பாலம், அதன் சுவரில் அதே அரசங்கன்று. இரண்டாவது கியரில்தான் போனேன். நிஜ ரோட்டில் இத்தனை வருடம் போகிறேன், லோடு நேரத்துக்குப் போய்ச் சேருமா என்பதைத் தவிர அந்த ரோட்டில் நான் எதையும் பார்த்ததில்லை போலிருக்கிறது.

ஊருக்கு வெளியே என் கடை நின்றது. சென்னி டிரேடர்ஸ். போர்டில் "ஸ்" கொஞ்சம் சாய்ந்திருக்கும், அதுகூட. பின்னால் களம், தார்ப்பாய், குடோன். நான் கேட்கவே இல்லை, அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கை சும்மா இருக்குமா? லாரி குடோனுக்கு வந்தால் பின்பக்கமாகத்தானே உள்ளே போக வேண்டும், லோடு ஏற்ற. ரிவர்ஸ் போட்டேன். பின் சக்கரம் வாசலைத் தாண்டியதும் தரை இல்லை. வண்டி அப்படியே சாம்பல் நிற வெளியில் விழுந்துகொண்டே போயிற்று.

மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் விழுந்தது. விஷயம் புரிந்துவிட்டது. பூங்கோதை ரிவர்ஸ் எடுத்துப் பார்க்கவே இல்லை. ஸ்கூட்டரையே பின்னால் தள்ள மாட்டாள், சுற்றி வந்துதான் திருப்புவாள். உள்ளே இருக்கிற மற்றவர்களும் ரோட்டில் முன்னால் ஓட்டிப் பார்த்திருக்கிறார்களே தவிர, குடோனுக்குள் லோடு ஏற்றப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூவாயிரம் லாரி அங்கே போய் விழும்.

உள்ளதை எழுதிவிடுகிறேன். பாலத்தக்கா என்கிற பெயர் குழியக்கா என்று மாறுவதை நினைத்துப் பார்த்தேன். நினைக்க இனிப்பாகத்தான் இருந்தது. ஒரு டீ குடிக்கிற நேரம் அந்த இனிப்பு இருந்தது.

ஜூன் 11, வியாழன்

சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். "நீ வண்டிய ரிவர்ஸ் எடுத்துப் பாத்தியா?"

ரசம் ஊற்றிய கரண்டி நின்றது. "எங்க?"

"எங்கயாச்சும். குடோனு கிடோனு."

என்னையே பார்த்தாள். நான் அப்பளத்தைப் பார்த்தேன்.

"எப்பப் பாத்தீங்க?"

"நேத்து."

எழுந்து போய் நாற்காலியை உயர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். ரிவர்ஸ் எடுத்தாள், விழுந்தாள். மறுபடி எடுத்தாள், விழுந்தாள். கையைக்கூடக் கழுவவில்லை. அப்படியே இன்பசேகருக்குப் போன் போட்டாள்.

"தம்பி, குடோனுக்குள்ள தரை இல்லீங்க. என்ற வூட்டுக்காரர்தான் கண்டுபுடிச்சாரு." அந்தப் பக்கம் ஏதோ கேட்டான். அவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "ஆமாங்க தம்பி. நாந்தான் ஓட்டிப் பாருங்கன்னு குடுத்தேன்."

நான் வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 12, வெள்ளி

வெளியீடு தள்ளிவைப்பு. அந்த மாதிரி ஓட்டை வேறு எங்கெங்கே இருக்கிறதோ என்று எல்லாக் குடோனையும் பார்க்க வேண்டுமாம். குழுவில் ஒரே ஒப்பாரி. யாரால் என்று தெரியாமல் திட்டுகிறார்கள். மொட்டை போட்டுக்கொண்டு திரும்பிய விஜிதான் அதிகம் திட்டுகிறான்.

பூங்கோதையை உள் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். சத்தியம் சத்தியம்தான். அதை வருத்தத்தோடு எழுதியிருந்தான் இன்பசேகர்.

சாயங்காலம் எனக்கு அவனிடமிருந்து போன். "அண்ணா, சங்கடமாத்தான் இருக்குது. ஆனா லோடு வண்டிக்காரங்க கண்ணோட பாக்க எங்களுக்கு ஆளே இல்லீங்க. நீங்க உள்ள வந்து சோதிச்சுக் குடுப்பீங்களா?"

சரி என்றேன். அவன் வாக்கியத்தை முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். மனசு துள்ளியதை மறைப்பானேன்.

பூங்கோதையிடம் சொன்னேன். அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். "நல்லதுங்க" என்றாள். "வேண்டாம்னா நான் சொல்லப் போறேன்?"

அந்தத் தொனி எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று மாதமாக நான் பேசிக்கொண்டிருந்த தொனி.

ஜூன் 15, திங்கள்

தாராபுரம் பக்கம் இரண்டு குடோனில் ஓட்டை. எழுதி அனுப்பினேன். "சூப்பருங்கண்ணா" என்றார்கள்.

ஜூன் 16, செவ்வாய்

இன்று ஒன்று. வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. அவள் போன் மணி அடிப்பதில்லை.

நான் ஓட்டிக்கொண்டிருந்தபோது அறை வாசல் வரை வந்தாள். திரை தெரியாத பக்கமாக நின்றுகொண்டு கேட்டாள். "பாலத்துல அந்த அரசங்கன்னு சரியா நிக்குதுங்களா? போன தடவை கொஞ்சம் அந்தரத்துல இருந்துச்சு."

"சொல்லக் கூடாது அம்மிணி. சட்டம்" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனாள்.

சொன்னபோது நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 17, புதன்

கொப்பரை விலை நல்ல ஏற்றம். சாப்பாடு இறங்கவில்லை. அஜீரணம்.

ஜூன் 18, வியாழன்

காலையில் கடையிலிருந்தே உள் குழுவில் எழுதினேன். "என் மனைவி எனக்குக் கொடுக்கவில்லை. அவள் ஊரில் இல்லாதபோது அவளுக்குத் தெரியாமல் நான் எடுத்து ஓட்டினேன். என்னைத் திருடன் என்று சொல்லக் கூடாதென்று அவள் பழியை ஏற்றுக்கொண்டாள். கேட்டுக்கொண்டே சும்மா இருந்தேன். – சென்னியப்பன்." கடையில் வேலை அதிகம், சோதிக்க நேரம் கிடைப்பதில்லை, அதனாலும்தான் எழுதினேன்.

பிறகு என்னை உள் குழுவிலிருந்து தூக்கினார்கள். அது எதிர்பார்த்தது. மத்தியானத்துக்குள் பெரிய குழுவிலிருந்தும் தூக்கிவிட்டார்கள். அது எதிர்பார்க்காதது. மூன்று வருடமாகக் கிடந்த இடம். விஜி தனியாக ஒரு செய்தி அனுப்பினான்: "என்ற முடியைத் திருப்பிக் குடுங்கண்ணா."

வீட்டுக்கு வந்தேன். அவள் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. பேசி முடித்துவிட்டு வந்தாள்.

"என்னத்துக்குங்க எழுதுனீங்க? ஊரு பூரா நாறிப் போச்சு."

"உள்ள சேத்துக்கிட்டாங்களா?"

"ம்."

"அப்பறம் என்ன."

"சீரகத் தண்ணி வெச்சிருக்கேன். குடிங்க. நாலு நாளா நீங்க சரியாச் சாப்படலே."

ஜூன் 21, ஞாயிறு

களம் லீவு. ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அறைக்குள் அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தவில்லை. நான் முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்தேன், சட்டம் என்பதால்.

குடோனுக்குத் தரை போட்டுவிட்டார்கள் போல. ரிவர்ஸ் சத்தம் கேட்டது. டொங்கென்று எதிலோ இடித்தது. மறுபடி எடுத்தாள். மறுபடி டொங். பேப்பரில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க" என்று உள்ளேயிருந்து குரல். "இதுல எந்தப் பக்கம் ஒடிக்கோணும்?"

"பாக்காம எப்படிச் சொல்றது?"

"நம்ம குடோனுதான. பாக்காமயே சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டேன். இடப்பக்கம் தூண். வலப்பக்கம் எடை மேடை. எத்தனை லாரிக்குக் கை தட்டி உள்ளே விட்டிருப்பேன். "தூண ஒட்டி வா. வலது ஒடி. ஒடி. போதும், நேராக்கு. வா, வா..."

அப்போதுதான் தெரிந்தது, போன் ஸ்பீக்கரில் இருக்கிறது. இன்பசேகர் குரல் கேட்டது. "யாருங்கக்கா பின்னால கத்தறது?"

"எங்க வண்டிக் கிளீனருங்க தம்பி."

அந்தப் பையன் சிரித்தான். அவளும் சிரித்தாள், அந்த வீடு இடிகிற சிரிப்பு. எனக்கு வயிறு எரிந்தது. கிளீனராம். ஆனால் வண்டி இன்னும் பாதி வெளியேதான் நின்றுகொண்டிருந்தது.

"வா, வா, வா" என்றேன்.